எதற்காக இங்கிலீஷ்? – கல்லூரி வகுப்பறைகள் சொல்லும் ஒரு சரித்திரம்

பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் என்னிடம் வந்து, "சார், நீங்க இங்கேயே படிச்சு, இங்கேயே இங்கிலீஷ் வாத்தியாராவும் இருந்து ரிட்டயர் ஆனவர். மாணவர்களை உலகத்தோடு பேசத் தயார்படுத்துவது பற்றி ஒரு கட்டுரை கொடுங்க" என்று கேட்டார்கள். அறிவுரைக் கட்டுரை எழுதுவது எளிது. "தினமும் ஆங்கிலப் பத்திரிகை படியுங்கள், கண்ணாடி முன் நின்று பேசுங்கள்" என்று பத்துப் பாயிண்டுகளில் முடித்துவிடலாம். ஆனால் அந்த அறிவுரையை நம் மாணவர்கள் எத்தனை தடவைதான் கேட்பார்கள்? ஆகவே நான் சரித்திரத்தின் பக்கம் போகிறேன். நம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஆங்கிலம் எதற்காகச் சொல்லிக்கொடுக்கப்பட்டது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பதில் இருந்திருக்கிறது. அந்தப் பதில்களை வரிசையாகப் பார்த்தால், இன்று வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் ஒரு மாணவனின் தயக்கம் எங்கிருந்து வந்தது என்பது நமக்கே விளங்கும்.

எழுபதாயிரம் கையெழுத்து

மெக்காலே தம் குறிப்பை எழுதியது 1835-ஆம் ஆண்டு பிப்ரவரியில். அடுத்த மாதமே பெண்டிங்க் பிரபு ஆங்கிலக் கல்விக்குச் சாதகமாக உத்தரவு போட்டார். இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நம் சென்னையில் நடந்த ஒன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1839-இல் சென்னை மாகாணத்து மக்கள் சுமார் 70,000 பேர் கையெழுத்திட்டு, தங்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்று கவர்னர் எல்பின்ஸ்டனிடம் விண்ணப்பம் கொடுத்தார்கள். அப்போதைய அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் அதற்குத் துணை நின்றார். மேலிருந்து ஒருவர் திணித்தார், கீழிருந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள் என்று மட்டும் இந்தச் சரித்திரத்தைச் சொல்லிவிட முடியாது. கேட்டு வாங்கியவர்களும் இருந்தார்கள்.

1840-இல், பின்னாளில் பிரசிடென்சி கல்லூரியாக வளர்ந்த பள்ளி தொடங்கப்பட்டது; பவல் துரையும் அந்த ஆண்டே வந்து சேர்ந்தார். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் முதல் பட்டதாரிகளாகத் தேறிய இருவரில் ஒருவர், யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்து வட்டுக்கோட்டை செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். ஆங்கிலத்தில் பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கிய இந்தப் பெரியவர் பிறகு என்ன செய்தார்? ஏடுகளைத் தேடி அலைந்து தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். கலித்தொகையை 1887-இல் அச்சில் கொண்டுவந்தவர் அவரே. "இங்கிலீஷ் படிச்சா தமிழ் போயிடும்" என்று சொல்பவர்களுக்கும், "தமிழைப் பிடிச்சுக்கிட்டிருந்தா இங்கிலீஷ் வராது" என்று சொல்பவர்களுக்கும் நம் முதல் பட்டதாரியே பதிலாக நிற்கிறார்.

என்றாலும் அந்தக் காலத்தில் "எதற்காக இங்கிலீஷ்?" என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் சொன்ன பதில் ஒன்றே: உத்தியோகம். கச்சேரி, கலெக்டர் ஆபீஸ், ரயில்வே, பள்ளிக்கூடம் – எங்கு போனாலும் வாசற்படியில் ஆங்கிலம் நின்றது. பரீட்சையில் ஆங்கிலத்தில் தேறாவிட்டால் மற்றப் பாடங்களில் வாங்கிய மார்க்குக்கு மதிப்பில்லை.

தோற்றவர் எழுதிய கடிதம்

இதற்கு உலகமறிந்த சாட்சி ஒருவர் உண்டு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்த ஒரு மாணவர், ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறி அந்த ஸ்காலர்ஷிப்பை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் அவரால் தேற முடியவில்லை. அவர் பெயர் சீனிவாச ராமானுஜன்.

அதே ராமானுஜன், சென்னைத் துறைமுக டிரஸ்டில் குமாஸ்தாவாக இருந்தபோது, 1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தான் யார், என்ன சம்பளம், என்ன படிப்பு, படிப்பு நின்ற பிறகு தானாக என்ன செய்தேன், உங்களிடம் என்ன கேட்கிறேன் – எல்லாம் அந்தக் கடிதத்தில் வரிசையாக இருந்தன. கூடவே சூத்திரங்கள் பக்கம் பக்கமாக. ஹார்டி பிப்ரவரி மாதமே பதில் போட்டார். 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பலேறினார். 1918-இல் எஃப்.ஆர்.எஸ். ஆனார்.

இந்த நிகழ்ச்சியை நான் ஒவ்வொரு வருடமும் முதலாமாண்டு வகுப்பில் சொல்வதுண்டு. கணித மேதை பரீட்சையில் தோற்றார் என்ற அதிசயத்துக்காக அல்ல. ஆங்கிலப் பரீட்சை வேறு, ஆங்கிலத்தால் ஆகவேண்டிய காரியம் வேறு என்பதற்காக. பரீட்சை கேட்டது ஒரு தலைப்பில் அலங்காரமான கட்டுரை. காரியம் கேட்டது, முன்பின் தெரியாத ஒருவர் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்து படித்தாலும் விஷயம் புரியும்படி ஒரு கடிதம். சொல்வதற்கு விஷயம் இருந்தது. யாரிடம் சொல்கிறோம் என்ற தெளிவும் இருந்தது. உலகத்தோடு பேசுவது என்று இன்று நாம் பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, அது அன்று நான்கணா ஸ்டாம்புக் காரியம்போலச் சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிட்டது.

சரண்டர் வேல்யூ

இந்த வித்தியாசத்தை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களில் மைக்கேல் வெஸ்ட் என்பவர் முக்கியமானவர். அன்றைய வங்காளத்தில், டாக்காவில் கல்வித் துறையில் இருந்த ஆங்கிலேயர். 1926-இல் வெளியான தம் ஆய்வில் அவர் ஒரு கேள்வி கேட்டார். எல்.ஐ.சி. பாலிசி எடுத்தவர்களுக்கு அந்த வார்த்தை நன்றாகத் தெரியும் – சரண்டர் வேல்யூ. பாதியில் பாலிசியை நிறுத்தினால் கையில் என்ன கிடைக்கும்? அதேபோல, பாதியில் படிப்பை விட்டுப் போகிற பையனுக்கு அதுவரை படித்த ஆங்கிலத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்டார் வெஸ்ட்.

அன்றைய முறையில் பதில் கிட்டத்தட்டப் பூஜ்யம். இலக்கண விதிகளில் பாதி, மனப்பாடச் செய்யுளில் நாலு, அவ்வளவுதான். ஆகவே முதலில் படிக்கக் கற்றுக்கொடுங்கள், அடிக்கடி வரும் சொற்களை முதலில் கொடுங்கள், எந்த வகுப்பில் நின்றாலும் ஏதோ ஒன்று உருப்படியாகக் கையில் இருக்கட்டும் என்றார். அந்த வழியில் வந்ததுதான் 1953-இல் அவர் வெளியிட்ட, சுமார் 2,000 சொற்கள் கொண்ட புகழ்பெற்ற பட்டியல்.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் மாநிலத்தில் பெரிய முயற்சி ஒன்று நடந்தது. 1950-களின் இறுதியில் தொடங்கி, ஆரம்ப நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கத் திட்டமிட்டார்கள். சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் பலருக்குக் கொடுத்து, அந்தப் பலர் இன்னும் பலருக்குக் கொடுத்து – உருட்ட உருட்டப் பெரிதாகும் பனி உருண்டைபோல. அதனால் 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்றே அதற்குப் பெயர். பனியே பார்க்காத ஊரில் பனி உருண்டை! வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, பொருளைக் காட்டி, செய்து காட்டி, திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது அந்த முறை. "திஸ் இஸ் எ பென், தட் இஸ் எ டோர்" என்று நம்மில் மூத்தவர்கள் கோரஸாகக் கத்தியிருப்போம், நினைவிருக்கிறதா? அது இந்த அலையின் சத்தம்தான்.

அந்த முறையால் கிராமத்துப் பள்ளிகளிலும் பிழையில்லாத ஒரு சிறு வாக்கியம் வாயில் ஏறியது. இதை மறுக்க முடியாது. ஆனால் கையில் பேனாவைப் பார்த்துக்கொண்டே "இது பேனா" என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. சொல்லவேண்டிய அவசியத்தோடு சொல்லும் பழக்கம் அங்கே வரவில்லை.

நாங்கள் வந்த காலம்

1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பட்ட வகுப்பைத் தமிழ்வழியில் நடத்தும் சோதனை தொடங்கியது. 1965-இல் மொழிப் போராட்டம். 1968-இல் தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கை. இதற்கு நடுவே 1966-இல் கோத்தாரி கமிஷன் அறிக்கை வந்தது. தாய்மொழியில் படிப்பது நல்லது, ஆனால் உயர்கல்வியில் ஆங்கிலம் நூலக மொழியாக இருக்கவேண்டும் என்றது. 'எதற்காக' என்ற கேள்விக்கு உத்தியோகத்துக்குப் பிறகு கிடைத்த இரண்டாவது பதில் இது: புத்தகம் படிக்க.

இந்தக் காலத்தில்தான் கல்லூரி வாசலில் புதிய கூட்டம் வந்தது. அப்பா அம்மா பள்ளிக்கூடம் போயிராத வீடுகளிலிருந்து வந்தவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். 1970-களின் தொடக்கத்தில் பி.யு.சி. வகுப்பில் வந்து உட்கார்ந்தபோது, பதினோரு வருடம் தமிழில் கணக்கும் விஞ்ஞானமும் படித்த எங்களுக்கு ஒரே நாளில் எல்லாம் ஆங்கிலமாயிற்று. ஆங்கில வகுப்பிலோ ஷேக்ஸ்பியர் நாடகம், வேர்ட்ஸ்வொர்த் கவிதை, நூறு வருடத்துக்கு முந்தைய வசனம். எங்கள் பேராசிரியர்கள் அபாரமாகப் பாடம் நடத்தினார்கள். குரலை ஏற்றி இறக்கி அவர்கள் வாசிக்கும்போது கேட்டுக்கொண்டே இருக்கலாம். கேட்டுக்கொண்டேதான் இருந்தோம். அறுபது பேர் உட்கார்ந்த வகுப்பில் வருடம் முழுவதும் ஒரு மாணவன் ஆங்கிலத்தில் பேசிய மொத்த வாக்கியம் "பிரசண்ட் சார்" ஒன்றுதான் என்றால் அது மிகையில்லை.

பரீட்சைக்குக் கைடு இருந்தது. கட்டுரை, கதைச் சுருக்கம், பாத்திரப் படைப்பு எல்லாம் அதில் தயாராக இருக்கும். உருப்போட்டு எழுதி, தேறி, பட்டம் வாங்கினோம். பிறகு இண்டர்வியூவில் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டால், அதற்கு எந்தக் கைடிலும் விடை இல்லை. என்னோடு படித்த ஒரு நண்பன், கணிதத்தில் கெட்டிக்காரன், மூன்று இடங்களில் இப்படியே திரும்பி வந்தான். "எல்லாம் புரியுதுடா, ஆனா வாயில வரமாட்டேங்குது" என்றான். அவன் சொன்ன அந்த வாக்கியத்தை, பிறகு நான் வாத்தியாரான முப்பதுக்கும் மேற்பட்ட வருடங்களில், வெவ்வேறு முகங்களிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இதை மாணவனின் சோம்பேறித்தனம் என்று சொன்னவர்கள் உண்டு. தாழ்வு மனப்பான்மை என்றார்கள் சிலர். நான் சொல்வது வேறு. சைக்கிளின் பாகங்களைப் படம் போட்டுப் பத்து வருடம் விளக்கிவிட்டு, பதினோராம் வருடம் "ஏன் ஓட்டத் தெரியவில்லை?" என்று கேட்டால் அது யார் கணக்கில் சேர வேண்டிய பற்று?

ரயில்வே கால அட்டவணை

இந்தக் கேள்விக்கு உலகம் கவனிக்கும்படி ஒரு பதில் நம் தென்னாட்டிலிருந்தே வந்தது என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது. 1979 முதல் 1984 வரை பேராசிரியர் என். எஸ். பிரபு அவர்கள் நடத்திய சோதனை அது. பிரபு அப்போது சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றினார். 'பெங்களூர் புராஜெக்ட்' என்று பெயர் பெற்றாலும், நம் சென்னையிலும் கடலூரிலும் உள்ள பள்ளி வகுப்புகளிலும் அது நடந்தது.

என்ன செய்தார்? இலக்கணப் பாடத்தை எடுத்து ஓரம் வைத்தார். மாணவர் கையில் ஒரு ரயில்வே கால அட்டவணையைக் கொடுத்தார். "இந்த ஊருக்கு மத்தியானத்துக்குள் போய்ச் சேரவேண்டும், எந்த வண்டியைப் பிடிக்கலாம்?" என்பதுபோன்ற கணக்குகள். ஊர் வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்பது இன்னொன்று. முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் ஆங்கிலத்தில் பேசிப் பேசி ஒரு கணக்கை முடிப்பார். பிறகு அதேபோல் இன்னொன்றை மாணவர் தனியாகச் செய்யவேண்டும். விடை சரியா தவறா என்பதுதான் முதல் கவலை. மொழிப் பிழைகளைப் போகிற போக்கில் திருத்துவதோடு சரி. மனம் அர்த்தத்தில் ஈடுபட்டிருக்கும்போது இலக்கணம் தன்னையறியாமல் உள்ளே இறங்குகிறது என்பது அவர் கருத்து.

பிறகு வெளியாட்கள் வந்து மதிப்பிட்டார்கள். பழைய முறையில் படித்தவர்கள் பழைய முறைத் தேர்விலும், புதிய முறையில் படித்தவர்கள் புதிய முறைத் தேர்விலும் மேலாகச் செய்தார்கள். இரண்டுக்கும் பொதுவான சில தேர்வுகளில் புதிய முறை மாணவர்கள் முந்தினார்கள். 1987-இல் பிரபு இதைப் புத்தகமாக எழுதினார். பணிவழிக் கற்பித்தல் என்று இன்று உலகெங்கும் ஆசிரியர் பயிற்சியில் சொல்லப்படும் முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள், இந்தச் சோதனையைச் சொல்லாமல் தாண்டுவதில்லை. கடலூர்ப் பிள்ளைகள் ரயில் நேரம் பார்த்த கதை உலகப் பாடமாயிற்று. நம் கல்லூரிகளிலோ அதற்குப் பிறகும் கைடுதான் ஓடிக்கொண்டிருந்தது.

உலகம் வாசலுக்கு வந்தது

1991-இல் பொருளாதாரக் கதவு திறந்தது. 2000-இல் சென்னையில் டைடல் பார்க் எழுந்தது. அமெரிக்கா போகிறவர்களுக்கு 1964-லிருந்தே டோஃபல் இருந்தது, 1989-இல் ஐ.இ.எல்.டி.எஸ். வந்தது. கல்லூரிக்கே கம்பெனிகள் வந்து ஆள் எடுக்கத் தொடங்கின. எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்த மாணவன் குரூப் டிஸ்கஷனில் மௌனமாக உட்கார்ந்து எழுந்து வந்தான். 'எதற்காக' என்ற கேள்விக்கு இப்போது மூன்றாவது பதில்: பேச.

உடனே ஊருக்கு ஊர் 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' போர்டு முளைத்தது. 'அமெரிக்க உச்சரிப்பு முப்பதே நாளில்' என்றார்கள். இங்கேதான் ஒரு விஷயத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். உலகத்தோடு பேசுவது என்றால் வெள்ளைக்காரர்போலப் பேசுவது அல்ல. பிரஜ் காச்ரு என்ற நம் காஷ்மீரத்து அறிஞர் 1985-இலேயே ஆங்கில உலகத்தை மூன்று வட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். பிறந்த வீட்டிலேயே ஆங்கிலம் பேசுகிறவர்கள் உள்வட்டம்; இந்தியா, நைஜீரியா, சிங்கப்பூர் போன்றவை வெளிவட்டம்; சீனா, ஜப்பான் போன்றவை விரியும் வட்டம். நம் மாணவன் நாளை பேசப்போகும் ஆள் கொரியாக்காரராகவோ பிரேசில்காரராகவோ இருக்கலாம். இருவருக்குமே அது கற்ற மொழிதான். ஆக, வேண்டியது நகல் உச்சரிப்பு அல்ல, எதிராளிக்குப் புரிவது.

எதனால் புரியாமல் போகிறது? ஹைதராபாத்தில் இருந்த ஆர். கே. பன்சால் 1969-இலேயே இதை ஆராய்ந்து வெளியிட்டார். இந்தியர் பேச்சைப் பதிவு செய்து வெளிநாட்டவருக்குப் போட்டுக் காட்டி, எங்கே புரியவில்லை என்று பார்த்தார். முக்கியமான காரணங்களுள் ஒன்று, சொல்லில் அழுத்தம் தவறான இடத்தில் விழுவது. தமிழில் அழுத்தத்தை மாற்றினால் பொருள் மாறுவதில்லை. அதனால் நம் காது அதைக் கவனிப்பதில்லை. ஆங்கிலத்தில் 'ஃபோட்டோகிராஃப்' என்றால் முதல் அசையில் அழுத்தம், 'ஃபோட்டோகிராஃபி' என்றால் இரண்டாவதில், 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாவதில். இதைத் திருத்த முப்பது நாள் அமெரிக்க வேஷம் தேவையில்லை. அகராதியில் அழுத்தக் குறியைப் பார்க்கும் பழக்கம் போதும்.

இன்னொன்று மரியாதை. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது: "கொடுங்க" என்றால் முடிந்தது. அந்தப் பழக்கத்தில் நம் பையன் அலுவலகத்தில் "கிவ் மீ த ஃபார்ம்" என்கிறான். அவன் மனதில் 'ங்க' இருக்கிறது. கேட்பவர் காதில் அதட்டல் விழுகிறது. "குட் யூ" என்று தொடங்கும்போதுதான் அந்த 'ங்க' ஆங்கிலத்தில் வருகிறது. இதை இலக்கணப் பிழை என்று எந்தப் பரீட்சையும் மார்க் குறைக்காது. ஆனால் வேலை போய்விடும். எங்கள் வகுப்பில் இதைச் சொன்ன அன்று பின்பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, "அப்போ நாங்க மரியாதை தெரியாதவங்க இல்ல சார், மொழிபெயர்ப்பு தப்பு" என்றாள். அதைவிடத் தெளிவாக ஒரு பாடப் புத்தகமும் சொல்லவில்லை.

இப்போது செய்யவேண்டியது

2022-இல் தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கி, பாடத்தோடு திறன் பயிற்சியும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் மாணவருக்குக் கிடைக்க வழி செய்தது. கைப்பேசியே ஒரு நொடியில் மொழிபெயர்த்துக் கொடுக்கிறது. "இனிமே எதுக்கு சார் இங்கிலீஷ்?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எழுதி வைத்ததை மாற்றித் தரக் கருவி போதும். ஆனால் எதிரில் இருப்பவர் முகம் சுருங்குவதைப் பார்த்து, "நான் சொன்னது புரியவில்லைபோல, வேறு மாதிரி சொல்கிறேன்" என்று திருப்பிச் சொல்லும் சாமர்த்தியம் மனிதனுக்கு மனிதன் பழகித்தான் வரும்.

அந்தப் பழக்கத்துக்கு வேண்டிய செல்வம் நம் சங்கத்திடம் இருக்கிறது. நம் பழைய மாணவர்கள் துபாயில், சிங்கப்பூரில், டெக்சாஸில், டோக்கியோவில் இருக்கிறார்கள். அறக்கட்டளைக்குப் பணம் அனுப்புகிறார்கள், நன்றி. அதோடு மாதம் ஒரு மணி நேரம் அனுப்புங்கள் என்பது என் கோரிக்கை. வீடியோவில் வந்து அறிவுரை சொல்லவேண்டாம். உங்கள் அலுவலகத்தில் வந்த ஒரு நிஜமான சிக்கலை – தாமதமான சரக்கு, கோபித்த வாடிக்கையாளர், தவறிப்போன கணக்கு – ஐந்து மாணவர்களிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அவர்கள் கேள்வி கேட்டு, யோசித்து, உங்களுக்கு ஒரு பதில் கடிதம் எழுதட்டும். பிழை இருந்தால் போகிற போக்கில் திருத்துங்கள். பிரபுவின் ரயில்வே அட்டவணையும் ராமானுஜனின் கடிதமும் ஒன்று சேரும் இடம் அதுதான்.

மாணவக் கண்மணிகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆங்கிலத்துக்கு இன்றைய தேதியில் சரண்டர் வேல்யூ என்ன என்று வெஸ்டைப்போல உங்களையே கேட்டுப் பாருங்கள். இன்றோடு படிப்பு நின்றால் இந்த மொழியை வைத்துக்கொண்டு எந்த ஒரு காரியத்தை முடிப்பீர்கள்? ஒரு கடிதம்? ஒரு தொலைபேசி அழைப்பு? ஒரு சந்தேகம் கேட்பது? ஒன்றாவது இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். ஒன்றுமே இல்லையென்றால் எங்களில் ஒருவரைத் தேடி வாருங்கள். நம் சங்க அலுவலகத்தின் கதவு ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும்படி பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.